ஏழு மணிச் சீட்டு

சென்ற வாரம் மலையம்மாள் புதுக் கண்டாங்கிச் சேலையை நனைத்துக் கொடியில் போட்ட இடத்தில் நிறுத்தியிருந்தேன். மானாமதுரை வாசகி ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. “சேலை காய்ந்ததா இல்லையா? அதையாவது சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம்” என்று அஞ்சலட்டை போட்டிருக்கிறார். காய்ந்தது அம்மா. நன்றாகவே காய்ந்தது. அதைக் கட்டிக்கொண்டுதான் மலையம்மாள் இப்போது மதுரை பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. நடப்பது நாற்பத்தாறாம் வருஷத்து மாசி மாதம். நாவலாசிரியர் காசிமாயனுக்கு, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மதுரையில் தான் பி.ஏ. படித்த கல்லூரியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. கூடப் படித்த நாகசுப்பிரமணியனுக்கும் வந்திருக்கிறது. அவரும் நாவலாசிரியர்தான். இருவரும் மாணவர் சங்கத்தில் ‘நாவலும் சமூக நீதியும்’ என்று பேச வேண்டும்.

காசிமாயனைப் படிக்க வைத்தவர் அண்ணன் சோணை. உசிலம்பட்டிப் பக்கம் புளியங்கரைப்பட்டியில் நாலு குறுக்கம் புஞ்சை அவருக்கு. தகப்பன் இறந்த பிறகு ஏர் பிடித்துத் தம்பியைப் பி.ஏ. ஆக்கினார். அந்தத் தம்பி மேடையில் பேசுவதை ஒரு தடவை காதால் கேட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை.

ஆனால் சோணையால் நினைத்தவுடன் பஸ் ஏற முடியாது. ரேகைச் சட்டம் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் பாக்கியவான்கள். அந்தப் பக்கத்து ஆண்பிள்ளைகள், திருடினாலும் திருடாவிட்டாலும், போலீஸ் புத்தகத்தில் விரல் ரேகை பதிக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் சாவடியில் போய் ஆஜர் சொல்லி அங்கேயே படுக்க வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டினால் கையில் சீட்டு வேண்டும். பிந்தி வந்தாலும் கோர்ட்டு, சீட்டு இல்லாமல் வந்தாலும் கோர்ட்டு. சோணையின் பெயர் அந்தப் புத்தகத்தில் ஏறி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. படித்தவர் என்பதால் காசிமாயனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தார்கள்.

மூன்று நாள் ஸ்டேஷனுக்கு நடந்து சோணை வாங்கிய சீட்டில், ‘இரவு ஏழு மணிக்குள் திரும்பிச் சீட்டை ஒப்படைக்கவும்’ என்று எழுதியிருந்தது. இனி கதைக்குப் போகலாம்.

பஸ் என்று மரியாதைக்குச் சொன்னேன். யுத்தம் முடிந்து ஆறு மாதமாகியும் பெட்ரோல் வந்தபாடில்லை. பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடும் வண்டி அது. மேடு வந்தால் ஆண்பிள்ளைகள் இறங்கித் தள்ளுவார்கள். மேடு முடிந்ததும், டிக்கெட் வாங்கியவர்கள் என்ற கௌரவத்தோடு மறுபடி ஏறிக்கொள்வார்கள்.

“பதினேழு ஆச்சு” என்றாள் சோணையின் மனைவி மலையம்மாள்.

“என்ன பதினேழு?” என்றார் சோணை.

“மடியத் தொட்டுச் சீட்டு இருக்கான்னு பாத்தது. செக்கானூரணியில இருந்து எண்ணிக்கிட்டு வாரேன். கல்யாணத்தன்னைக்கு என்னைய இத்தனை தடவ பாக்கலையே நீங்க.”

“நீ ஓடிப்போகமாட்ட. இது ஓடிப்போயிரும்.”

சொல்லிவிட்டு அவர் பதினெட்டாவது தடவையாகத் தொட்டுப் பார்த்தார். மலையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

“அஞ்சேகாலுக்கு ஆரப்பாளையத்துல திரும்புகால் பஸ்ஸு. அதுல ஏறினா ஆறே முக்காலுக்கு ஊரு” என்று சோணை நூறாவது தடவையாகக் கணக்குச் சொன்னார். “கூட்டம் மூணரைக்கு. நாலே முக்காலுக்கு நம்ம எந்திரிச்சிறணும். அதுக்குள்ள அவன் பேசிருவான்ல?”

“பேசாம என்ன? கூப்பிட்டதே பேசத்தான்.”

ஆரப்பாளையத்து முக்கில் காசிமாயனும் நாகசுப்பிரமணியனும் காத்திருந்தார்கள். காசிமாயன் ஒல்லி, பேச்சும் ஒல்லி. மூன்று நாவல் எழுதியிருக்கிறார். நாகசுப்பிரமணியன் அதற்கு நேர் எதிர். பருத்த உடம்பு, வாய் நிறைய வெற்றிலை, பதினோரு நாவல். அந்தப் பதினோரு நாவலும் எத்தனை தலையணைகளை நனைத்திருக்கின்றன என்பது நம் வாசகிகளுக்கே தெரியும்.

“வாங்கண்ணே, வாங்க மதினி” என்றார் நாகசுப்பிரமணியன். “ஒங்க தம்பி ராத்திரியெல்லாம் தூங்கலையாம். இருபது பக்கம் எழுதிவச்சிருக்கான். நான் ஒரு பக்கமும் எழுதல. எழுதினா எனக்கே அழுகை வந்துருது.”

காசிமாயனின் மனைவி அன்னக்கொடி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருப்பதால், மதியச் சாப்பாடு நாகசுப்பிரமணியன் வீட்டில். அவர் மனைவி ரங்கநாயகி புளியோதரையைப் பரிமாறிக்கொண்டே, புருஷனைத் தங்கள் சௌராஷ்டிர பாஷையில் நாலு வார்த்தை சொன்னாள். மலையம்மாளுக்கு அந்தப் பாஷையில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. ஆனாலும், “நல்லாக் கேளு தாயி, இவுகளுக்கெல்லாம் அப்படித்தான் கேக்கணும்” என்று சரியான இடத்தில் சேர்ந்துகொண்டாள். திட்டு எந்தப் பாஷையில் இருந்தால் என்ன?

கை கழுவும்போது சோணை தம்பியைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தம்பி, பேச்சுல என்னைய இழுத்துறாத. ரேகை, சீட்டுன்னு ஒண்ணும் வேணாம். ஒனக்கு அது கௌரவமா இருக்காது.”

“சரிண்ணே” என்றார் காசிமாயன்.

அந்த இருபது பக்கத்திலும் ரேகை இல்லை, சீட்டு இல்லை, சோணை இல்லை. அண்ணனே வேண்டாம் என்றதும் அவருக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததே என்று கொஞ்சம் குத்தவும் செய்தது. மோர் குடித்து அதை உள்ளே தள்ளிவிட்டார்.

மூன்று மணிக்கு ஜட்கா கல்லூரி வாசலில் நின்றது. சோணை இறங்கி, வழக்கமான இடத்தில் போய் நின்றுகொண்டார். வழக்கமான இடம் என்பது வாசலுக்கு வெளியே இருக்கும் வேப்பமரத்தடி. தம்பி படித்த நாலு வருஷமும், மாதம் ஒரு தடவை கம்பு மாவும் நிலக்கடலையும் கட்டிக்கொண்டு சீட்டு வாங்கி வந்து, அந்த மரத்தடியில் நின்று கொடுத்துவிட்டுப் போவார். உள்ளே வராதே என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் யாரும் சொன்னதில்லை.

“அங்க என்னங்க நிக்கிறீக?” என்று மலையம்மாள் கையைப் பிடித்து இழுத்தாள். “இன்னைக்கு நம்ம விருந்தாளி. உள்ள வாங்க.”

உள்ளே போகும் வழியில் பழைய விடுதி. நாகசுப்பிரமணியன் கிணற்றடிக் கொட்டகையைக் காட்டினார்.

“மதினி, ஒங்க கொழுந்தனாருக்கு அந்தக் காலத்துல அங்கதான் எலை. எங்களுக்கெல்லாம் பரிமாறின பெறகு கடைசியா அங்க போகும். ரெண்டாம் மாசத்துல இருந்து நானும் அங்கயே போய் உக்காந்துட்டேன்.”

“ஒங்களுக்கு எம்புட்டு நல்ல மனசு தம்பி.”

“மனசெல்லாம் இல்ல மதினி. வாளியில அடிவண்டல் அங்கதான் வரும். ரசம் கெட்டியா இருக்கும்.”

காசிமாயன் சிரித்தார். அந்தக் கொட்டகையில் தன் பக்கத்தில் ஒருத்தன் வந்து உட்கார்ந்த நாளை அவர் மறந்ததே இல்லை. ரசத்துக்காக வந்ததாகச் சொல்லியே பதினெட்டு வருஷமாக ஏமாற்றுகிறான் என்பதும் அவருக்குத் தெரியும்.

எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆபீஸ் அறை வாசலில்தான் அது நடந்தது.

அங்கே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியோடு ஹெட்கிளார்க் துளசிராம். அவர் முன்னால் கோடு போட்ட தடிப் புத்தகம். கல்லூரிக்கு வரும் விருந்தினர்கள் பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போடும் புத்தகம் அது. பேனாவும் மைக்கூடும் இருந்தன. ஆபீஸ் முத்திரைக்காக ஒரு மைப்பெட்டியும் திறந்திருந்தது.

“விருந்தாளிங்க எல்லாரும் இதுல கொஞ்சம்...” என்று துளசிராம் புத்தகத்தைத் திருப்பி வைத்தார்.

மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு ஆள், கோடு போட்ட புத்தகம். இருபத்தைந்து வருஷமாக இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் சோணைக்கு ஒரே வேலைதான். அவர் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். முதுகைக் கொஞ்சம் வளைத்தார். இடது கைக் கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தி, புத்தகத்தில் முதல் கட்டத்தில் பக்குவமாக உருட்டிப் பதித்தார். கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, வாய் தானாகச் சொன்னது:

“சோணை. தகப்பன் பேரு முத்திருளன். நம்பர் நூத்திப் பதினாலு. ஆஜருங்க.”

பிரின்ஸிபால் நின்றிருந்தார். நாலு புரொபசர்கள் நின்றிருந்தார்கள். துளசிராமுக்குப் புரிந்துவிட்டது. திருமங்கலத்துக்காரர், இந்த ரேகையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார். அவர் குனிந்துகொண்டு மைப்பெட்டியை மூடினார்.

காசிமாயனுக்கு அந்த நிமிஷம் அவமானமாக இருந்தது. சட்டத்தை நினைத்து அல்ல, அண்ணனை நினைத்து. இதை மறைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

“அண்ணனுக்குக் கண்ணு சரியாத் தெரியாது” என்றார் அவர். “அதான் கையெழுத்துப் போட வரல.”

சோணைக்குக் கண் நன்றாகத் தெரியும். எழுதவும் தெரியும். காசிமாயன் காலேஜ் லீவில் வந்தபோது மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரியால் எழுதிக்காட்டி, அண்ணனுக்குப் பெயர் எழுதக் கற்றுக்கொடுத்தது அவரேதான். சோணை தம்பியை ஒரு தடவை பார்த்தார். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

“ஆமாங்க. மாலைக்கண்ணு. இப்பப் பகல்லயும் வந்துருச்சு.”

காசிமாயனை வைய வேண்டும் என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். எழுதும்போதே நான் வைது முடித்துவிட்டேன்.

அதற்கப்புறம் சோணை செய்ததுதான் வேடிக்கை. தம்பி ஒரு பொய் சொல்லிவிட்டான். அதை நிலைநிறுத்த வேண்டியது அண்ணன் கடமை அல்லவா? மலையம்மாளின் தோளில் கை வைத்துக்கொண்டு, படி வருகிறதா என்று காலால் தடவித் தடவி மண்டபத்துக்கு நடந்தார். படி இல்லாத இடத்தில் எல்லாம் தடுக்கினார்.

“கொஞ்சம் கொறைச்சுக்கங்க” என்றாள் மலையம்மாள், பல்லைக் கடித்துக்கொண்டு. அவளுக்குக் கொழுந்தன் மேல் கோபம் பொங்கியது. ஆனால் கண் தெரியாதவருக்குத் துணை என்பதால், பெண்கள் வரிசைக்கு அனுப்பாமல் முன்வரிசையிலேயே புருஷன் பக்கத்தில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். அந்தப் பொய்யால் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

கூட்டம் மூன்றரைக்குத் தொடங்கவில்லை. நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தொடங்கியது. தலைமை வகித்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். நல்ல மனிதர், நிறையப் படித்தவர். நீதி என்ற கருத்து எங்கே பிறந்தது என்று கிரேக்க தேசத்தில் ஆரம்பித்தார். நாலேகால் வரைக்கும் கிரேக்க தேசத்தை விட்டு நகரவில்லை.

மேடைக்கு மேலே பெரிய கடிகாரம். சோணைக்கு அதைப் பார்த்தால் மணி தெரியும். ஆஜர் சொல்கிறவர்களுக்கு மணி பார்க்கத் தெரியாமல் முடியாது. ஆனால் கண் தெரியாத மனுஷன் கடிகாரத்தைப் பார்க்கலாமா?

“மணி என்னாச்சு பாரு” என்று மனைவியைக் கேட்டார்.

“எனக்கு எங்க பாக்கத் தெரியும்?”

“பெரிய முள்ளு எங்க இருக்கு?”

“கீழ எறங்குது.”

“சின்ன முள்ளு?”

“அதக் காணோம். பெருசுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு.”

சோணை மனசுக்குள் கணக்குப் போட்டார். நாலு இருபத்திரண்டு. நீதிபதி அப்போதுதான் கப்பலேறி ரோமாபுரியில் இறங்கியிருந்தார். இந்தியாவுக்கு வந்து சேர இன்னும் இரண்டாயிரம் வருஷம் இருந்தது.

மேடையில் காசிமாயன் அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சுருக்கிய கண், நிமிர்ந்த தலை, மடியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் கை. தன்னுடைய ஒரு வார்த்தைக்காக ஒரு மணி நேரமாகக் குருடராக உட்கார்ந்திருக்கிறார். கையிலிருந்த இருபது பக்கமும் காசிமாயனுக்குக் கனத்தன.

நாலு முப்பத்தைந்து.

“போகலாம் வா” என்றார் சோணை. “இன்னும் அவன் பேரையே கூப்பிடல. இதுக்கு மேல இருந்தா பஸ்ஸு போயிரும். கேக்கக் குடுத்துவைக்கல, விடு.”

அவர் அதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்யாத வருஷத்தில், சரி, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லுவாரே, அந்தக் குரலில் சொன்னார். மலையம்மாளுக்கு அதுதான் தாங்கவில்லை. அவள் எழுந்து நின்றாள்.

“ஐயா, கொஞ்சம் நிப்பாட்டுங்க.”

முந்நூறு மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீதிபதி ரோமாபுரியில் ஒரு சட்டத்தின் நடுவில் நின்றுவிட்டார்.

“எங்க வீட்டுக்காரரு நாலே முக்காலுக்குக் கெளம்பணும். ஏழு மணிக்குள்ள ஊருல இருக்கணும். தம்பி பேசுறதக் கேக்கத்தான் வந்தாரு. எங்க கொழுந்தனாரு மொதல்ல பேசிறட்டும். நீங்க பெறகு எம்புட்டு வேணாலும் பேசுங்க.”

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

“ஏனம்மா, ஏழு மணிக்குள் கட்டாயம் போக வேண்டுமா? ஊரில் என்ன அவசரம்?”

“சட்டம் அப்படிங்க. நீங்க சட்டம் படிச்சவுக. ஒங்களுக்குத் தெரியாததா?”

சோணை எழுந்து, மடியிலிருந்து சீட்டை எடுத்து, என்ன சொல்வதென்று தெரியாமல் அதைத் தூக்கிக் காட்டினார். தூரத்திலிருந்தே அது என்ன சீட்டு என்று நீதிபதிக்குத் தெரிந்துவிட்டது. அவர் அப்படியே தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“திரு. காசிமாயன் பேசுவார்” என்றார்.

காசிமாயன் எழுந்தார். இருபது பக்கத்தையும் நாகசுப்பிரமணியன் மடியில் வைத்தார்.

“எங்க அண்ணனுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்” என்றார். “என்னையவிட நல்லாத் தெரியும். இன்னைக்கு இந்தக் காலேஜுக்குள்ள வந்து நான் செஞ்ச மொத வேலை ஒரு பொய் சொன்னதுதான். அவரு ஒங்க புத்தகத்துல ரேகை வச்சாரு. ஏன்னு நீங்க கேட்டுருவீங்களோன்னு பயந்துட்டேன்.”

காசிமாயன் மேடையின் விளிம்புக்கு வந்தார்.

“ஏன்னு இப்பச் சொல்லுறேன். இருபத்தஞ்சு வருசமா அவரு பாத்த புத்தகம் அது ஒண்ணுதான். எங்க ஊருப் போலீஸ் புத்தகத்துல அவரு நம்பர் நூத்திப் பதினாலு. அவரு ஒண்ணும் திருடல. பொறந்த ஊரு அது, அவ்வளவுதான். என் பேரு அந்தப் புத்தகத்துல இல்ல. நான் யோக்கியன்கிறதால இல்ல, இங்க படிச்சவன்கிறதால. நான் இங்க உக்காந்து படிச்சேன், எனக்கு விலக்கு. என்னையப் படிக்க வைக்க வெயில்ல ஏர் ஓட்டினவருக்குச் சாவடி. இத ஒரு நாவல்ல எழுதலாம்னு ஒங்களுக்குத் தோணும். நான் மூணு நாவல் எழுதிட்டேன். மூணுலயும் இது இல்ல. வெக்கம்.”

பிறகு அவர் சாவடியைப் பற்றிச் சொன்னார். கல்யாணத்தன்று மாலை ஆஜர் சொல்லப் போன மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னார். அது யார் என்று முன்வரிசையில் மலையம்மாளின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கிணற்றடிக் கொட்டகையைப் பற்றியும், ரசத்துக்காக அங்கே வந்து உட்கார்ந்த ஒரு புளுகனைப் பற்றியும் சொன்னார். பையன்கள் சிரித்தார்கள். அந்தப் புளுகன் மேடையிலேயே மூக்கைச் சிந்தினார். மொத்தம் பத்து நிமிஷம். எழுதிவைத்த பக்கங்களிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை.

சோணை கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். சுருக்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. தம்பியின் நெற்றியில் புருவத்துக்கு மேலே சின்ன வயதில் ஏர்க்கால் பட்ட தழும்பு இருக்கும். அதுகூட அங்கிருந்து தெரிந்தது.

பேச்சு முடிந்ததும் கைதட்டல் ஓய நேரமாயிற்று. நாகசுப்பிரமணியன் நண்பன் காதில், “மாப்ள, நீ அண்ணன பஸ் ஏத்திட்டு வா. அதுவரைக்கும் இந்தக் கூட்டத்த நான் அழவச்சுக்கிட்டு இருக்கேன்” என்றார்.

மூவரும் வெளியே வந்தார்கள். மணி நாலு ஐம்பத்திரண்டு. ஆபீஸ் வாசலில் சோணை நின்றார். சீட்டு இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

“தம்பி, அந்தப் புத்தகத்தக் கொஞ்சம் எடுக்கச் சொல்லு.”

“அண்ணே, பஸ்ஸு.”

“ரெண்டு நிமிசம்.”

துளசிராம் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். சோணை உட்கார்ந்தார். ஒரு ஆபீஸ் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்வது அவருக்கு அதுதான் முதல் தடவை. உள்ளங்கை வேர்த்திருந்தது. எழுத்து அழிந்துவிடக் கூடாது என்று கையிலிருந்த சீட்டைத் தாளின் மேல் விரித்து, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டார். தம்பி சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. பேனாவை மையில் தொட்டு, ரேகைக்குப் பக்கத்துக் கட்டத்தில் எழுதினார். ‘சோ’ சீக்கிரம் வந்துவிட்டது. ‘ணை’ எழுதக் கொஞ்ச நேரமாயிற்று. அந்த நாளில் அதற்குத் துதிக்கை மாதிரி ஒரு சுழி உண்டு. அந்தச் சுழியில்தான் அவருக்கு எப்போதும் பெருமை. நிதானமாகச் சுழித்து முடித்தார்.

“அந்த ரேகைய அடிச்சுரட்டுமாய்யா?” என்றார் துளசிராம்.

“வேணாம், இருக்கட்டும். அதுவும் நான் வச்சதுதான்.”

மலையம்மாள் எட்டிப் பார்த்தாள். “அந்தக் கடைசிக் கட்டம் காலியாக் கெடக்கே.”

“அது கருத்து எழுதுற எடம்மா. காலேஜப் பத்தி என்ன நெனைக்கிறாங்கன்னு” என்றார் துளசிராம்.

“எனக்கு அம்புட்டு எழுத வராது” என்றார் சோணை, எழுந்துகொண்டே. “நல்லா இருக்குன்னு போட்டுக்கங்க.”

ஜட்காக்காரன் குதிரையை விரட்டினான். ஆரப்பாளையத்தில் கரி பஸ் புகைந்துகொண்டு நின்றது. காசிமாயன் அண்ணன் காலைத் தொட்டார். “பொய் சொல்லிட்டேண்ணே” என்றார்.

“அத விடு. நாலு வருசம் மரத்தடியிலயே நின்னுட்டுப் போனேனே, அதுக்கு இன்னைக்கு வட்டியும் மொதலும் வந்துருச்சு. கேட்டுட்டேன்ல” என்றார் சோணை.

ஐந்தேகாலுக்குப் பஸ் கிளம்பியது. நாகமலைப் பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சோணை, பேச்சை முதலிலிருந்து மலையம்மாளுக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவளுக்குத்தான். அவளும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டாள். கல்யாண மாப்பிள்ளை வந்த இடத்தை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள்.

“ஏழுக்குள்ள போயிருவமா?” என்றாள்.

“போயிருவோம். ஆறே முக்காலுக்கு ஊரு.”

“சீட்டு இருக்குல்ல?”

“இருக்கும்டி” என்றார் சோணை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. “அந்த ஜட்ஜய்யா மொகத்தப் பாத்தியா நீ?”

அதே நேரத்தில் கல்லூரியில், மை காய்ந்திருக்கும் என்று துளசிராம் பக்கத்தைப் பார்க்காமலே அந்தப் புத்தகத்தை மூடினார். அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நாகசுப்பிரமணியனின் பேச்சைக் கேட்கப் போனார். புத்தகத்துக்குள், சோணை என்ற பெயருக்குக் கீழே, உள்ளங்கை வேர்வை பட்டு நனைந்த அந்தச் சீட்டு இருந்தது.

பஸ் செக்கானூரணியைத் தாண்டியது. மேடு வந்ததும் சோணை முதல் ஆளாக இறங்கித் தள்ளிவிட்டு, சிரித்துக்கொண்டே ஏறினார். இருபத்தைந்து வருஷத்தில் அன்றைக்குத் திரும்பும் வழியில்தான் அவர் ஒரு தடவைகூட மடியைத் தொட்டுப் பார்க்கவில்லை.